இரண்டாவது துண்டு

குளியலறையில் தண்ணீர் போகாமல் கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றதை அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம், பழைய வீடு, மூன்று பேர் குளிக்கிற இடம். முடி அடைத்திருக்கும், வேறென்ன. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அருவருப்பு என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தோடு அவளை விட்டுப் போய்விட்ட சமாச்சாரம். சீழ் கோத்த புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கையை அலசிவிட்டு, அடுத்த நிமிடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவள். ஆகவே கணவனையோ மாமியாரையோ கூப்பிடாமல் தானே குந்தி உட்கார்ந்து, தண்ணீருக்குள் கையை விட்டுச் சல்லடையைக் கழற்றி, ஓட்டைக்குள் இரண்டு விரலை நுழைத்துத் துழாவி இழுத்தாள்.

வந்தது முடியில்லை.

பென்சில் சீவும்போது விழுமே, அந்த மாதிரிச் சுருள். ஆனால் மரமில்லை. காகிதம்போல மெலிந்து, நகத்தின் நிறத்தில், ஓரங்களில் லேசாகப் பழுப்பேறி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு கைப்பிடி அளவுக்குத் திரண்டிருந்தது. ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தது. விரலுக்கிடையில் வைத்து நசுக்கினால் கொழகொழவென்று வழுக்கியது. எந்தப் புண்ணையும் முகர்ந்து பார்த்து நிலவரம் சொல்கிற பழக்கத்தில் அதையும் மூக்கருகே கொண்டுபோனாள். கெட்டுப்போன எண்ணெய் நாற்றம். அதற்கு அடியில், முடி கருகினால் வருகிற வாடை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குக் குமட்டியது.

கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டாள். சுழன்று உள்ளே போனது, கொஞ்ச நேரத்தில் மேலே வந்து மிதந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. சனியன் ஒரு வழியாகத் தொலைந்தபோது அவளுக்குக் கை வலித்தது. பட்டறையில் கிடந்த ஏதோ பழைய சீவல் கணவன் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைத் தேய்த்துக் கழுவினாள்.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. மாமனாருடையது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துளை போடுகிற மெஷின், சாணை, மேஜையில் பொருத்திய வைஸ் இடுக்கி, எல்லாவற்றுக்கும் நடுவில் ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் லேத். இரும்புத் தண்டை அதன் வாயில் கொடுத்தால் மூன்று பல் கொண்ட வட்டப் பிடி ஒன்று கவ்விக்கொண்டு சுற்றும். பக்கத்தில் நிற்கும் உளி அதைச் சீவிச் சீவி உருட்டும். சீவல் சுருள் சுருளாகக் கீழே தட்டில் விழும். சூடு ஆறுவதற்காக மேலே ஊற்றுகிற பால் நிற எண்ணெய்த் தண்ணீர் வடிந்து அடியிலிருக்கும் தொட்டியில் சேரும். மாமனார் அதில் பம்புக்குத் தண்டு கடைந்து கொடுத்தே மகனை ஆளாக்கினார். மகன் இரும்புப் பக்கம் போகாமல் மாவுப் பக்கம் போய்விட்டான். கடைத்தெருவில் அவனுக்கு ஒரு பேக்கரி. அவன் கையால் பிசைந்து உருட்டிய பன்னுக்குக் காலையில் வரிசை நிற்கும். இப்போது கடை இருக்கிற கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், அடுப்பைக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிடுவது என்று முடிவானது. அதற்கு மெஷின்கள் போக வேண்டும். எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் மூன்று பேருக்கும் மூன்று கட்சி.

"எல்லாத்தையும் எடைக்குப் போட்டுத் தொலைங்க," என்றாள் மாமியார், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இரும்புக் கடைக்காரன் வந்தா ஒரே நாள்ல தொடச்சு எடுத்துட்டுப் போயிடுவான்."

"அம்மா, அது அப்பா உசிரா வச்சிருந்த மெஷின்," என்றான் கணவன். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு சும்மாவா சொன்னாங்க? ஒவ்வொண்ணா, சுத்தம் பண்ணி, தொழில் தெரிஞ்சவங்க கையில கொடுக்கணும்."

அவளுக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. எடைக்குப் போடுவது அநியாயம். ஒவ்வொன்றாக விற்பது என்றால் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். போனில் படம் போட்டு விளம்பரம் கொடுத்து, மொத்தமாக ஒருத்தர் தலையில் கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அவளே படம் எடுத்தாள், அவளே விவரம் எழுதினாள். படத்தில் மற்ற மெஷினெல்லாம் தூசும் துருவுமாக இருக்க, லேத் மட்டும் நனைந்ததுபோல் பளபளத்தது. நேரில் தொட்டுப் பார்த்தால் உலர்ந்துதான் கிடந்தது. வெளிச்சக் கோளாறு என்று விட்டுவிட்டாள்.

போன் செய்தவர்களில் பாதிப் பேர் பொழுது போகாதவர்கள். ஒருத்தர் லேத்துக்குப் பதிலாக வீட்டில் சும்மா கிடக்கும் நடைப்பயிற்சி மெஷினைத் தருகிறேன் என்றார். இன்னொருத்தர் அதில் மாவு அரைக்க முடியுமா என்று கேட்டார். உருப்படியாகப் பேசிய ஒருவர்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நின்னுபோன மெஷினுக்கு இரும்பு வெலதாங்க. ஓடுற மெஷினுக்குத்தான் மெஷின் வெல. தினமும் கொஞ்ச நேரம் ஓட்டி வைங்க."

அன்று சாயங்காலமே அவள் கணவனிடம் சொன்னாள். "ஏங்க, கடையிலேர்ந்து வந்ததும் அந்த லேத்தைக் கொஞ்சம் ஓட்டி வைங்க. அப்பத்தான் வெல போகுமாம்."

"எனக்கு எங்க ஓட்டத் தெரியும்? சின்ன வயசுல அப்பா பக்கத்துல நின்னு பாத்ததோட சரி."

"பன்னு உருட்டுறவருக்கு இரும்பு உருட்ட வராதா?" என்று சிரித்தாள்.

மாமியார் டீவியின் சத்தத்தைக் குறைத்தாள். ஏதோ சொல்ல வருவதுபோல் மருமகளைப் பார்த்தாள். பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

சின்ன மெஷின்களெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. சாணையை ஒரு கத்திக்கடைக்காரர் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போனார். துளை மெஷினுக்கும் வைஸுக்கும் ஆள் வந்தது. லேத் மட்டும் நகரவில்லை. வருகிறவர்கள் ஆசையாகத்தான் கொட்டகைக்குள் நுழைவார்கள், குனிந்து பார்ப்பார்கள், குனிந்த வேகத்தில் நிமிர்ந்து மூக்கைப் பொத்துவார்கள். "அடியில எலி செத்துக் கிடக்கும் போல, பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவேயில்லை. அவள் டார்ச்சை அடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடினாள். எலி இல்லை. எலியாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி.

கணவனுக்கு மட்டும் அந்த நாற்றம் தெரிந்ததாகவே காணோம். முதலில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வந்தான். பிறகு மத்தியானம் கடையிலிருந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனான். சாப்பாடு ஆறி அவலாகிப்போன பிறகு வந்தான். அடுக்களையில் நிற்கும்போது சத்தம் கேட்கும். ஆரம்பத்தில் இரும்பு அறுபடுகிற கிறீச்சல், பல் கூசும். போகப் போக அந்தக் கிறீச்சல் நின்றுபோய், மோட்டாரின் முனகலுக்கு மேலே வேறொரு சத்தம், வெள்ளரிக்காயைத் தோல் சீவுகிற மாதிரி மெதுவாக, ஈரமாக, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பழகிவிட்டான், கை படிந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்தவன் போனைத் திறக்க வலது கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். திறக்கவில்லை. இடது கட்டைவிரலை வைத்ததும் திறந்துகொண்டது.

"என் கையை என் போனுக்கே அடையாளம் தெரியலயாம்," என்று சிரித்தான்.

"குடுங்க பார்க்கலாம்." அவன் வலது கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். உள்ளங்கையில் ஒரு ரேகை இல்லை. விரல் நுனிகளில் ஒரு கோடு இல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒரே தடிமனில், முட்டி எது என்று தெரியாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தன. தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. அவளுக்கு அந்தக் கையைச் சட்டென்று கீழே போடத் தோன்றியது. தாலி கட்டிய கணவனின் கையை. கையை விட்ட பிறகும் தன் விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டலாம், வாங்க. எண்ணெய் ஒத்துக்காம தோல் உரியுது போல."

"வெண்ணெயும் மாவும் பெசஞ்ச கை வேற எப்படி இருக்கும்? வலிக்கவே இல்லையே," என்றான் அவன்.

அவள் விடவில்லை. மருந்து தடவி, சுற்றிச் சுற்றிக் கட்டுப் போட்டு, பிளாஸ்டர் ஒட்டினாள். எத்தனையோ பேருக்குக் கட்டிய கட்டு, ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. அவன் எழுந்து இரண்டு எட்டு வைத்ததும் முழுக்கட்டும் உருவிக்கொண்டு தரையில் விழுந்தது. நிற்பதற்கு அங்கே ஒரு முட்டியும் இல்லை, ஒரு மேடும் இல்லை.

அவளுக்கு விடுமுறை வந்த ஒரு காலையில், அவன் கடையில் இருக்கிற நேரம் பார்த்து, முகத்தில் ஆஸ்பத்திரித் துணி கட்டி, கையுறை மாட்டி, பிளீச்சிங் பவுடரும் வாளியுமாகக் கொட்டகைக்குள் போனாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. லேத் இருட்டில் படுத்துக் கிடந்தது. தட்டிலிருந்த சுருளைக் கையால் அள்ளினாள். இரும்புச் சுருள் கிழிக்கும், இது கிழிக்கவில்லை, வளைந்து கொடுத்தது. குளியலறையில் வந்த அதே நகநிறம். அள்ளியதை அப்படியே விட்டுவிட்டு, நாற்றத்தின் அடிவேர் எங்கே என்று பார்க்கத் தொட்டியின் மூடியைக் கிளப்பினாள்.

மூக்குத் துணியைத் தாண்டி வந்து அறைந்தது. கூமுட்டையும் ஊறின தோலும் பழைய பாலும் சேர்ந்த ஒரு வீச்சம், நாக்கில் படிந்து பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. சாம்பல் வெள்ளையில் தண்ணீர். அதன்மேல் பாலாடைபோல் ஒரு படலம். குச்சியால் ஓரத்தைத் தூக்கினாள். கிழியாமல் முழுசாக எழுந்தது. சொட்டச் சொட்டத் தொங்கியது. டார்ச்சைப் பின்னால் பிடித்தாள். வெளிச்சம் ஊடுருவிய இடத்தில் வரிகள் தெரிந்தன. வளைந்து, சுழித்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் மெல்லிய வரிகள். வேறு யாராக இருந்தாலும் அழுக்கின் கோலம் என்று நினைத்திருப்பார்கள். அவள் தினமும் கைகளைப் பிடித்து ஊசி போடுகிறவள். அது உள்ளங்கை ரேகை.

குச்சியைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்து மழையில் நின்று வாந்தியெடுத்தாள். காலையில் சாப்பிட்டதும் போய், நேற்றுச் சாப்பிட்டதும் போய், மஞ்சளாகத் தண்ணீர் வந்த பிறகும் குடல் சும்மா இருக்கவில்லை. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். தொட்டியை இறைத்தாள். கட்டி கட்டியாக வந்தது. பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தாள், வெந்நீர் ஊற்றினாள், இரும்பு தெரியும்வரை சுரண்டினாள். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மேலே இளசாக ஒரு படலம் கட்ட ஆரம்பித்திருந்தது.

அன்றே இரும்புக் கடைக்குப் போன் செய்தாள். எடை விலையே போதும், இனாமாகக் கேட்டாலும் சரி, வந்து எடுத்துப் போங்கள் என்றாள். வண்டி வந்ததாம், வாசலிலேயே நின்று அவள் கணவன் திருப்பி அனுப்பிவிட்டானாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் அவன் கோபப்படவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னான்.

"ஒடச்சு உருக்குற கொலைகாரன்கிட்டயா அதைக் கொடுப்பே? நல்ல கைக்குப் போகட்டும். அதுவரைக்கும் சும்மா விட்டா துருப் பிடிச்சிடும்."

சொல்லிவிட்டுக் கடையிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். பன். இன்னும் சூடு ஆறவில்லை. மாமியார் டீ போட்டுக்கொண்டு வந்தாள். வயிறு காலியாக இருந்ததால் அவளும் ஒன்றைப் பிய்த்து டீயில் தோய்த்து வாயில் போட்டாள். பாதியை விழுங்கிய பிறகுதான் பல்லில் ஏதோ நெருடியது. எவ்வளவு மென்றும் அறுபடவில்லை. விரலை விட்டு இழுத்தாள். நாக்கின் மேல் வழுக்கிக்கொண்டு நீளமாக வந்தது. மாவில் வெந்து, வெண்ணெயில் ஊறின, நகநிறச் சுருள்.

துப்பினாள். தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு கழுவுதொட்டிக்கு ஓடினாள். காலையில் வரிசையில் நின்று வாங்கிப்போன முகங்களெல்லாம் கண்ணுக்குள் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள், வாட்ச்மேன், அவளுடைய வார்டிலிருந்தே இரண்டு பேர். திரும்பி வந்தபோது மாமியார் தன் வாயிலிருந்தும் ஒரு சுருளை எடுத்து, பழத்தின் கொட்டையை வைப்பதுபோல் டீக்கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! உங்களுக்கு அருவருப்பா இல்லையா?"

"பழகிப்போச்சும்மா," என்றாள் மாமியார். கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உன் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல ரேகை போச்சு. அப்புறம் நகம். கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான். கடைசி மாசத்துல சாப்பாட்டைக் கொட்டகைக்கே எடுத்துட்டுப் போனேனே, ஏன்னு நெனச்சே? நான்தான் ஊட்டி விட்டேன்."

அவளுக்கு நினைவிருந்தது. மூடி போட்ட தட்டும் கரண்டியுமாக மாமியார் மழையில் போவாள். கிழவருக்கு வயதான பிடிவாதம் என்று இவள் சிரித்திருக்கிறாள்.

"செத்தன்னிக்கு நான்தான் குளிப்பாட்டினேன். முழங்கைக்குக் கீழ ரெண்டும் வழவழன்னு உருட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. போர்வையால சுத்தி உள்ள வச்சுட்டேன். நீ டூட்டி முடிஞ்சு வந்தப்ப முகத்தை மட்டும்தானே பாத்தே?"

"ஏன் அத்தை சொல்லல? நான்தானே அவரை ஓட்டச் சொன்னேன்! அப்பவே தடுத்திருக்கலாமே!"

"சொன்னா யாரு வாங்குவா? ஊர்ல கதை கிளம்பினா அது இங்கயே கிடக்கும். வித்து, அது வீட்டை விட்டுப் போயிடணும்னு பாத்தேன். என் புள்ள இரும்பே தொடாதவன், ஒரு வாரம் ஓட்டினா ஒண்ணும் ஆயிடாதுன்னு நெனச்சேன்." மாமியாரின் வாய் கோணியது. "பெத்தவ நெனப்பு பொய்யாப் போச்சு."

அவளுக்கு மாமியாரை அறையலாம் போலவும் இருந்தது, மடியில் விழுந்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கொட்டகையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஈரமாக. விடாமல்.

அன்று முதல் அவளுக்கு ஒரே யோசனை. அவன் இடது கை இன்னும் முழுசாக இருக்கிறது. வலது கையில் மூன்று விரல் தேய்ந்துபோய், கட்டைவிரலும் இன்னொன்றும் மட்டும் மிச்சமிருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் மாவு பிசைகிறான். அந்த மிச்சமும் போவதற்குள் லேத் இந்த வீட்டை விட்டுப் போயாக வேண்டும். எடைக்காரனை அவன் விட மாட்டான். நல்ல கை என்று அவன் மதிக்கிற ஆள் வேண்டும்.

பழைய மெஷின் வாங்கி விற்கும் ஒரு தரகர் கிடைத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டே திரிவதால் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர்தான். மெஷினைத் தவிர உலகத்தில் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. சொந்த மகள் கல்யாணத்தில் மேளக்காரரின் மைக்செட்டைக் கழற்றிப் பார்த்த ஆள் என்று கேலி பேசுவார்கள். நாற்றம் என்று அவள் முன்கூட்டியே சொன்னபோது, "எனக்கு மூக்கு போய் ரொம்ப நாளாச்சும்மா," என்றார்.

"லாரியோட வந்துடறேன். ஒரே ஒரு வேலை. எனக்கு முன்னாடி ரெண்டு துண்டு கடைஞ்சு காட்டணும். ஒரு துண்டு சரியா வர்றது பெரிசில்ல. ரெண்டாவதும் அதே அளவுக்கு வந்தாத்தான் மெஷின் நல்ல மெஷின். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா அப்பவே தூக்கிட்டுப் போயிடுவேன்."

"நீங்களே கடைஞ்சு பாத்துக்கங்க ஐயா. இரும்பு நான் வாங்கி வைக்கிறேன்," என்றாள் அவள். கணவனிடம் தரகர் வருவது வேறு நாள் என்று சொல்லி வைத்தாள். புது இரும்புத் தண்டு இரண்டு வாங்கிக் கொட்டகை வாசலில் சாத்தினாள்.

அந்தக் காலை மழை விட்டிருந்தது. கணவன் வழக்கம்போல் இருட்டோடு கடைக்குப் போய்விட்டான். கண்ணாடிக்காரர் வந்தார், மாமியாரைத் தூணைத் தாண்டுவதுபோல் தாண்டிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் போனார். லாரி சந்துக்குள் திரும்ப முடியாமல் தெருமுனையில் திணறிக்கொண்டிருந்தது. அவள் ஓடினாள். "வாங்க, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க," என்று கையை ஆட்டி ஆட்டி அதைப் பின்வாங்க வைத்தாள். போகிறது. சனியன் போகிறது. சாயங்காலம் அவன் வந்து பார்க்கும்போது காலி இடம்தான் இருக்கும். கோபப்பட்டால் படட்டும், அழுதால் அழட்டும், கை இருந்தால் போதும். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பசி எடுத்தது.

லாரியின் எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் பின்புறத்திலிருந்து சத்தம் கேட்டது.

இரும்புச் சத்தமில்லை.

ஓடினாள். கொட்டகை வாசலில் இரண்டு தண்டும் சாத்தியது சாத்தியபடி நின்றன. பக்கத்தில் கணவனின் செருப்பு. உள்ளே கண்ணாடிக்காரர் ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் கையில் ஒரு துண்டு. விரல் நீளம். வெண்ணெய் நிறம். அதைக் கண்ணாடிக்கு அருகில் வைத்து, அளவெடுக்கும் இடுக்கியால் கவ்விப் பார்த்து, கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அடேங்கப்பா. இந்த மாதிரி வழவழப்பை நான் பாத்ததே இல்ல. என்ன சாமான் தம்பி இது, நைலானா?"

துண்டின் வெட்டுமுகத்தில் நடுவாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அவர் அதை ஊதித் துடைத்தார்.

அவன் லேத்துக்கு முன்னால் நின்றான். சட்டையில் மாவு. வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. ரத்தமில்லை. புண்ணில்லை. மேஜைக்கால் முனைபோல் உருண்டு, மெருகேறி, எண்ணெயில் மின்னியது.

"நான்தான் பின்பக்கமா வரச் சொன்னேன்," என்றாள் மாமியார். மூலையில் நின்றாள். கையில் மடித்த போர்வை. அதே போர்வை. "அதுக்குப் பழகின ஆள் ஓட்டாட்டி அது ஓடாதும்மா. எனக்குத் தெரியும். ஒரு கையை வாங்கிட்டு அது போயிடும்னு நெனச்சேன். ஒரு கைதானே. உசிரோட இருப்பானே."

"ஒண்ணு பிரமாதம்," என்றார் கண்ணாடிக்காரர், துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டாவதையும் போட்டுடுங்க தம்பி. ஒத்துப் பாத்துடலாம்."

"வேண்டாம்! எடுத்துட்டுப் போங்க! இப்பவே எடுத்துட்டுப் போங்க!"

யாருக்கும் கேட்கவில்லை.

பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினாள். விளக்கு அணைந்தது. வீட்டுக்குள் டீவி நின்றது. லேத் நிற்கவில்லை.

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மணிக்கட்டு வழுக்கியது. முழங்கையைப் பிடித்தாள். வழுக்கியது. சட்டையோடு சேர்த்துத் தோளைக் கட்டிக்கொண்டாள். துணிக்குள்ளே, அங்கேயும், பிடிக்க ஒன்றுமே இல்லை.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். முதல் ஈட்டுப் பன்னை அவள் கையில் வைக்கும்போது சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

"பயப்படாதே," என்றான். "வலிக்கவே இல்ல."

இடது கையை நீட்டினான். ஐந்து விரலையும் குவித்து. உருட்டத் தயாரான மாவுபோல.

மூன்று பல்லும் கூடின.

மாமியார் போர்வையைப் பிரித்துப் பிடித்தாள்.

சுருள் வந்தது. அறுபடாமல் வந்தது. நீளமாக, மெல்லிசாக, ஒரு பக்கம் ரேகையோடு. தட்டை நிரப்பியது. வழிந்தது. தரையில் ஊர்ந்து வந்து அவள் கால்விரல்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டது.

சூடாக இருந்தது.